புல் மூடாக்கும் நாற்றுக்காரியின் கையும்

முதல் வீட்டுத் தோட்டத்தில் தக்காளிச் செடியைப் பார்த்தபோது டில்லரக்காவுக்குப் பூச்சி வேலை என்றுதான் தோன்றியது. பிழிந்து போட்ட ஈரத்துணிபோல நுனி இலைகள் முறுக்கிக்கொண்டிருந்தன. இலையைத் திருப்பிப் பார்த்தாள். பூச்சி இல்லை, முட்டை இல்லை, ஒரு புள்ளிகூட இல்லை. இரண்டாம் வீட்டில் பீன்ஸ் இலைகள் கரண்டி மாதிரி குழிந்து நின்றன. மூன்றாம் வீட்டில் கத்தரி, நான்காம் வீட்டில் மிளகாய். ஐந்தாம் வீட்டு வேலிக்கதவைத் திறக்கும்போதே எட்டிப் பார்த்தாள். அங்கும் அதே சுருள்.

மொத்தம் பதினாறு வீடுகள். நூற்பாலைக் குடியிருப்பின் கடைசி வரிசை. ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் பத்தடி அகலம், முப்பதடி நீளத்தில் ஒரு தோட்டம். ஆலை வேலை முடிந்து வருகிறவர்களுக்கு வானத்தைப் பார்க்கக் கிடைத்த இடம் அதுதான். அந்தப் பதினாறில் பதினைந்து தோட்டம் ஒரே நாளில் நோய்வாய்ப்பட்டதுபோல் நின்றது. ஆறு வாரத்துக்கு முன் அத்தனையையும் உழுது, மூடாக்குப் போட்டுக் கொடுத்தவள் டில்லரக்கா. அத்தனையிலும் நாற்று நட்டவள் அவளுடைய நாத்தனார்.

டில்லரக்கா என்ற பெயரை அவளுக்கு யாரும் ஆசையாக வைக்கவில்லை. மண்ணைக் கிளறி உழும் சின்ன டில்லர் இயந்திரத்தைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு அவள் தெருவுக்குள் வந்த முதல் வருஷம் சிரிப்பதற்காக வைத்த பெயர். பதினான்கு வருஷத்தில் சிரிப்பு போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

அதற்கு முன்னால் அவள் இயந்திரங்களை வாடகைக்கு விடும் ஒரு கடையில் வேலை பார்த்தாள். திரும்பி வரும் இயந்திரங்களைக் கழுவுவது வேலை. கழுவிக் கழுவியே, யார் எந்த மண்ணில் எப்படி ஓட்டினார்கள் என்று சொல்லப் பழகிவிட்டாள். கத்தியைச் சுற்றி மண் உருண்டையாகப் பிடித்திருந்தால் ஈரம் காய்வதற்குள் அவசரப்பட்டிருக்கிறார்கள். அச்சில் கம்பி சுற்றியிருந்தால் தரையைப் பார்க்காமல் இறங்கியிருக்கிறார்கள். உழும் ஆழத்தைக் கட்டுப்படுத்தும் ஆழக்கம்பி வளைந்து வந்தால் ஓட்டியவர் இயந்திரத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறார். கடைக்காரர் அவளை ஸ்டார்ட் கயிற்றைத் தொட விடமாட்டார். "பொம்பளை இழுத்தா எஞ்சின் வெக்கப்படும்மா" என்பார். ஒரு நாள் அவர் சாப்பிடப் போன நேரத்தில் அவள் இழுத்தாள். எஞ்சின் வெட்கப்படவில்லை. ஒரே இழுப்பில் எழுந்து கடை முழுக்கக் கத்தியது. திரும்பி வந்த கடைக்காரர் முகத்தில் இருந்த அதிர்ச்சியை அவள் இன்றும் நடித்துக் காட்டுவாள்.

கடை மூடியபோது ஓரத்தில் கிடந்த ஒரு பழைய டில்லரைக் குறைந்த விலைக்கு வாங்கிக்கொண்டாள். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த அவள் கணவர் சமையலறைத் தரையில் செய்தித்தாளை விரித்து, ஒரு வாரம் அதைப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டிக் கொடுத்தார். அந்த வாரம் பூராவும் வீட்டுச் சாப்பாட்டில் பெட்ரோல் வாசம்.

வேலையில் அவளுக்கென்று ஒரு முறை உண்டு. முதலில் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து அழுத்துவாள். விரல் தட்டினால் உதிர வேண்டும். பிசைந்த மாவுபோல உட்கார்ந்துகொண்டால், யார் சொன்னாலும் வண்டி இறங்காது. "இன்னிக்கு இல்ல. நாளன்னிக்கு வரேன்." முதல் ஓட்டம் நீளவாக்கில், மேலோட்டமாக. இரண்டாம் ஓட்டம் குறுக்கே, கொஞ்சம் ஆழமாக. மூன்றாவது கிடையாது. "இன்னொரு தடவை ஓட்டுக்கா, பொடியா இருந்தா அழகா இருக்கும்" என்று கேட்பவர்களிடம், "நான் மாவரைக்க வரல. மண்ணுக்கு மூச்சு விட இடம் வேணும்" என்பாள். அதற்குப் பிறகு மூடாக்கு. நாலு விரல் கனத்துக்குக் காய்ந்த புல்லோ சருகோ பரப்புவாள். செடித் தண்டைச் சுற்றி ஒரு சாண் விட்டுவிடுவாள். தண்ணீர் மிச்சம், களை குறையும், வெயில் மண்ணைச் சுடாது.

இந்த வருஷம் மூடாக்குக்கு அவளுக்கு ஒரு புதையலே கிடைத்திருந்தது. ஊர் விளையாட்டு மைதானத்தில் வெட்டிப் போடும் புல். மைதானத்துக்காரர் அதை எங்கே கொட்டுவது என்று திண்டாடிக்கொண்டிருந்தார். "எடுத்துட்டுப் போக்கா, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்றார். பன்னிரண்டு நடை அடித்தாள். பாதியை உழவோடு மண்ணில் கலந்தாள், பாதியை மேலே பரப்பினாள். அத்தனை பசுமையான, ஒரு களை விதைகூட இல்லாத புல்லை அவள் பார்த்ததே இல்லை. எல்லோரிடமும் பெருமை அடித்துக்கொண்டாள்.

நாற்று நடுவதில் அந்த வரிசைக்கு ஒரு வழக்கம் இருந்தது. பதினாறு தோட்டத்துக்கும் ஒரே கை நட வேண்டும். உன் தோட்டம் செழித்தது, என் தோட்டம் செழிக்கவில்லை என்று பக்கத்து வீட்டோடு மனஸ்தாபம் வரக்கூடாது என்பதற்காக யாரோ எப்போதோ ஆரம்பித்தது. வெகுகாலம் குடியிருப்போர் சங்கத் தலைவரின் மனைவிதான் நட்டார். தலைவரம்மாவுக்குக் கைராசி என்று பேர். முழங்கால் மடங்க மறுத்த பிறகு, மூன்று வருஷமாக நாத்தனார் நட்டாள்.

நாத்தனாருக்கு முப்பத்தாறு வயது. கட்டியவன் கை ஓங்குகிறவன் என்பதால், ஒரு பையோடு அண்ணன் வீட்டுக்கு வந்து ஐந்து வருஷம் ஆகிறது. வந்த புதிதில் பேசவே மாட்டாள். பிறகு மொட்டைமாடியில் தட்டுகளில் விதை போட ஆரம்பித்தாள். ஒரு தட்டு பத்தாகி, பத்து நாற்பதானது. காலையில் முதல் வேலையாக மாடிக்குப் போய் நாற்றுகளைப் பார்ப்பாள். இறங்கி வரும்போது ஏதாவது ஒரு பாட்டு வாயில் இருக்கும். அந்த வீட்டில் எல்லாமே அண்ணனுடையது, அண்ணியுடையது. நாற்பது தட்டுகளும் பதினாறு தோட்டத்தின் நடவும்தான் அவளுடையவை.

முதல் இரண்டு வருஷமும் விளைச்சல் அமோகம். அப்போது மண் நல்ல மண், விதை நல்ல விதை, மழை நல்ல மழை என்றார்களே தவிர, நாத்தனாரின் கை நல்ல கை என்று ஒரு வாய்கூடச் சொன்னதில்லை.

இலை சுருண்ட மூன்றாம் நாள் அவர்களுக்குக் கை ஞாபகம் வந்தது.

ஏழாம் வீட்டுக்காரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு ஆரம்பித்தாள்.

"தப்பா எடுத்துக்காதேக்கா. எல்லாரும் பேசிக்கிறதத்தான் சொல்றேன்."

"எல்லாரும் என்ன பேசிக்கிறாங்க?"

"புருஷன் வீட்லயே தழைக்காத கை. அதைக் கொண்டுவந்து பச்சப்புள்ள மாதிரி இருக்கிற செடில வெச்சா..."

இதே ஏழாம் வீட்டுக்காரிக்குப் பிரசவமானபோது பதினைந்து நாள் துணி துவைத்துப் போட்டது அந்தக் கைதான்.

"உனக்குப் படிப்பு இருக்கு. ஆலையில கணக்கு பார்க்கிறே. நீயா பேசுறே?"

"படிப்பு வேற, இது வேறக்கா."

அது எப்படி வேறாகும் என்று கேட்பதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே சங்கத் தலைவர் டில்லரக்காவின் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. மாதக் கடைசி ஞாயிறு கூட்டம், அதில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது என்றார். செடிகளைப் பிடுங்கிவிட்டு வெளியிலிருந்து நாற்று வாங்கி, தலைவரம்மா கையால் மறுபடி நடுவது. நாத்தனார் இனிமேல் நாற்றும் விடக்கூடாது, நடவு நாளில் தோட்டத்துப் பக்கமும் வரக்கூடாது.

"உங்க மேல யாருக்கும் வருத்தம் இல்லம்மா. உங்க உழவு மாதிரி வருமா! உங்க வேலை எப்பவும்போல இருக்கும்" என்று ஆறுதலும் சொல்லிவிட்டுப் போனார்.

உள்ளே அடுப்படியில் பாத்திரம் உருட்டும் சத்தம் நின்றிருந்தது. நாத்தனார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

டில்லரக்காவுக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. வேலியோரம் நட்ட மக்காச்சோளம் எல்லாத் தோட்டத்திலும் ஜம்மென்று நின்றது. அதையும் நட்டது அதே கைதான். பதினோராம் வீட்டில் தக்காளி இடுப்பளவு வளர்ந்து காய் பிடித்திருந்தது. அதுவும் அதே கை. அந்த வீட்டுக்காரருக்கு 'வேண்டாம் சார்' என்று பேர். எதைச் சொன்னாலும் முதலில் வேண்டாம் என்பார், பிறகு என்னவென்று கேட்பார். இந்த வருஷம் டில்லரக்கா புல்லோடு போய் நின்றபோது, "வேண்டாம். கண்ட குப்பையை என் தோட்டத்துல கொட்டாதே. நான் என் சருகையே போட்டுக்கிறேன்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

புல் போட்ட இடத்தில் சுருள். புல் போடாத இடத்தில் காய். எண்ணத் தெரிந்த யாருக்கும் இது போதும். ஆனால் அந்த வரிசையில் யாரும் எண்ணவில்லை. எண்ணத் தொடங்கிய ஒருத்திக்கும் எண்ண எண்ணப் பயம் வந்தது. ஏனென்றால் புல்லைக் கொண்டுவந்தவள் அவள்தான்.

ஆறு பிளாஸ்டிக் கப் எடுத்தாள். மூன்றில் வண்டிக் கொட்டகையில் மிஞ்சிக் கிடந்த மைதானத்துப் புல்லை நறுக்கி மண்ணில் கலந்தாள். மூன்றில் வெறும் மண். ஆறிலும் ஒரே பொட்டலத்து பீன்ஸ் விதை. விதைத்ததும் அவளே. கொட்டகை ஜன்னலில் யாருக்கும் சொல்லாமல் வைத்துவிட்டாள்.

ஆறும் முளைத்தன. முதல் இரண்டு இலைகள் ஆறிலும் நன்றாகத்தான் இருந்தன. அவளுக்கு மூச்சு வந்தது. பன்னிரண்டாம் நாள் காலை ஜன்னலைத் திறந்தாள். வெறும் மண் கப்புகளில் இலை உள்ளங்கைபோல் விரிந்திருந்தது. புல் கலந்த மூன்றிலும் புதுத் துளிர் கரண்டியாகக் குழிந்து, காம்பு முறுக்கிக் கிடந்தது. மூன்றிலும். ஒன்றுகூடத் தப்பவில்லை.

அவள் ஜன்னலைச் சாத்திவிட்டுக் கொட்டகையைப் பூட்டினாள்.

பிறகு நேரே மைதானத்துக்குப் போனாள். மைதானத்துக்காரர் கோடு போடும் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இந்தப் புல்லுக்கு ஏதாவது மருந்து அடிக்கிறீங்களா?"

"அடிக்காம? வருஷத்துக்கு ரெண்டு தடவை அடிப்போம். அகல இலைக் களை எல்லாம் சுருண்டு செத்துடும். புல்லு மட்டும் நிக்கும். அதான் இப்படிப் பச்சைக் கம்பளமா இருக்கு."

அகல இலை. தக்காளி, பீன்ஸ், கத்தரி, மிளகாய் எல்லாம் அகல இலைதான். மக்காச்சோளம் புல் வகை.

"வெட்டின புல்லுல அந்த மருந்து இருக்காதா?"

"இருக்கும்க்கா. டப்பாலயே போட்டிருக்கான், வெட்டின புல்லைத் தோட்டத்துக்கு உரமா போடாதீங்கன்னு. மாசக்கணக்குல போகாதாம்." அவர் சிரித்தபடியே சொன்னார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "நீ மாட்டுக்குத்தான் எடுத்துட்டுப் போறேன்னு நெனச்சேன்."

"என்கிட்ட ஏது மாடு? தோட்டத்துக்குன்னு சொன்னேனே!"

"அப்ப காதுல வாங்கல போலிருக்கு. ஆனா நீயும் என்ன அடிக்கிறீங்கன்னு கேக்கலியேக்கா."

கேட்கவில்லைதான். மண்ணை அழுத்திப் பார்த்தவள், ஈரம் பார்த்தவள், ஆழம் பார்த்தவள், ஒரு களைகூட இல்லாத புல்லைப் பார்த்துக் களை ஏன் இல்லை என்று கேட்கவில்லை. பதினான்கு வருஷம் கற்ற வேலையில் கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி அது.

வீட்டில் கணவரிடம் மட்டும் சொன்னாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தி, அடுப்படிப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வெளியில சொல்லாதே."

"என்ன சொல்றீங்க?"

"கைன்னு சொன்னா ரெண்டு மாசத்துல மறந்துடுவாங்க. நீ மண்ணைக் கெடுத்தேன்னு தெரிஞ்சா ஒரு பய உன் வண்டியைத் தெருவுக்குள்ள விடமாட்டான். அவளுக்கென்ன, நம்ம வீட்ல சாப்பாடு இருக்கு. உனக்கு அந்த டில்லரை விட்டா என்ன இருக்கு?"

"அவ உங்க கூடப் பிறந்தவ."

"அதனாலதான் சொல்றேன். அவ பொறுத்துக்குவா."

பொறுத்துக்கொள்வாள். அதை அவர் எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்! ஊரில் எல்லாக் கணக்கும் கடைசியில் யாராவது ஒருத்தி பொறுத்துக்கொள்வாள் என்ற நம்பிக்கையில்தான் நேராகிறது. டில்லரக்காவுக்கு அவரை அறையவேண்டும் போலிருந்தது. ஆனால் அவள் அறையவில்லை, கத்தவில்லை. அதைவிட மோசமாக, வாயை மூடிக்கொண்டாள். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். அடுத்த நாளும் நாளைக்கு என்றே நினைத்தாள். வண்டியை, எஞ்சினை, தன்னைப் பார்த்து ஒதுங்கி வழிவிடும் தெருவை நினைத்தாள். அப்படி எட்டு நாள் போயிற்று.

அந்த எட்டு நாளில் நாத்தனார் மாவு பிசைவதை நிறுத்தினாள். "நீங்களே பிசைஞ்சிடுங்க அண்ணி, எனக்கு மணிக்கட்டு வலிக்குது" என்றாள். பாட்டு நின்றது. கூட்டம் நடக்கவிருந்த ஞாயிறு காலை டில்லரக்கா துணி காயப் போட மாடிக்கு ஏறினாள். நாத்தனார் தட்டுகளுக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். ஒரு ஸ்பூனில் ஒவ்வொரு விதையாக எடுத்து மண்ணில் வைத்தாள். அதே ஸ்பூனின் பின்பக்கத்தால் மண்ணைத் தள்ளி மூடினாள். அவள் விரல் எதிலும் படவில்லை.

டில்லரக்கா ஈரத்துணியோடு அப்படியே நின்றாள். ஊர் பேசுவது ஒன்று. அதை இவள் நம்பிவிட்டாளா? தன் பத்து விரலையும் நம்பாமல் ஸ்பூனுக்குப் போய்விட்டாளா? சத்தமில்லாமல் இறங்கி, கொட்டகைக்குப் போய் ஆறு கப்புகளையும் ஒரு அட்டைப்பெட்டியில் எடுத்து வைத்தாள்.

சங்கக் கூடம் என்பது கேரம் பலகையும் இருபது நாற்காலியும் உள்ள ஒரு அறை. தலைவர் தொண்டையைச் செருமுவதற்கு முன்பே டில்லரக்கா எழுந்தாள்.

"செடி சுருண்டதுக்கு நான்தான் காரணம்" என்றாள். புல்லைச் சொன்னாள், மருந்தைச் சொன்னாள், மைதானத்துக்காரர் சொன்னதைச் சொன்னாள், கப்புகளைக் கேரம் பலகைமேல் வரிசையாக வைத்தாள். திட்டப்போகிறார்கள் என்று தயாராகத்தான் நின்றாள். யாராவது அடிக்க வந்தாலும் வரலாம் என்றுகூட எதிர்பார்த்தாள்.

ஏழாம் வீட்டுக்காரி பக்கத்தில் இருந்தவளிடம், "பாவம், வீட்டுக்காரர் தங்கச்சியாச்சே" என்றாள்.

தலைவர் பரிவோடு தலையாட்டினார். "உங்க நல்ல மனசு எங்களுக்குப் புரியுதும்மா. குடும்பத்துப் பொண்ணைக் காப்பாத்தப் பழியை உங்க தலையில போட்டுக்கிறீங்க. வேண்டாம், உட்காருங்க."

அவள் தயாராக வந்திருந்த எல்லா அதிர்ச்சியையும் தாண்டி இது வந்தது. குற்றவாளியே எழுந்து நின்று, கையில் சாட்சியோடு, செய்தது நான் என்கிறாள். உட்காருங்கள் என்கிறார்கள்! மூன்று மாடி ஆலையில் நூல் அறுந்தால் எந்தப் பல்சக்கரம் என்று நிமிஷத்தில் கண்டுபிடிக்கிற ஆட்கள். வீட்டுக்கு வந்ததும் அந்த மூளையைச் சட்டையோடு கழற்றி ஆணியில் மாட்டிவிடுகிறார்கள்.

"பதினோராம் வீட்ல அதே கைதானே நட்டுச்சு? அங்க மட்டும் எப்படிக் காய்ச்சது?" என்று கத்தினாள்.

"அவருக்கு நேரம் நல்லாருக்கு" என்றது ஒரு குரல்.

"நேரமும் இல்ல, ஒரு எழவும் இல்ல" என்று மூலையிலிருந்து எழுந்தார் வேண்டாம் சார். "நான் புல்லு வேண்டாம்னேன். அவ்வளவுதான். என் பொண்டாட்டியைக் கேளுங்க, எனக்கு என்னிக்கு நேரம் நல்லா இருந்திருக்கு?"

கூடம் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் டில்லரக்கா சொன்னாள்:

"சரி. கையா மண்ணான்னு இங்கயே பார்த்துடுவோம். எட்டு கப்பு. நாலுல புல்லு போட்ட தோட்டத்து மண்ணு, நாலுல சாரோட தோட்டத்து மண்ணு. ரெண்டுலயும் பாதி என் நாத்தனார் விதைக்கட்டும். பாதி தலைவரம்மா விதைக்கட்டும். இந்தக் கூடத்து ஜன்னல்லயே இருக்கட்டும். சாவி சார்கிட்ட."

"வேண்டாம்" என்றார் வேண்டாம் சார். பிறகு, "எந்தச் சாவி?" என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

இரண்டு தோட்டத்து மண்ணும் விதையும் வந்ததும் தலைவரம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். அவருக்குத் தன் கைமேல் சந்தேகமே இல்லை. நாலு விதையை நாலு அழுத்தில் வைத்துவிட்டுப் போனார். நாத்தனாரை இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது. அவள் வந்து, விதையை எடுத்து, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"விரலால போடும்மா" என்றாள் டில்லரக்கா.

நாத்தனார் சரேலென்று நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தாள். விரலால் போட்டாள்.

இரண்டு வாரம் கழித்துக் கூடத்தைத் திறந்தபோது நாற்காலி போதவில்லை. வேண்டாம் சார் ஒவ்வொரு கப்பாகத் தூக்கி, ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். நாத்தனார் கை, சருகு மண்: நன்றாக இருந்தது. தலைவரம்மா கை, சருகு மண்: நன்றாக இருந்தது. நாத்தனார் கை, புல் மண்: இரண்டும் சுருண்டிருந்தன. கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. பிறகு கடைசி இரண்டு கப்புகள். தலைவரம்மா கை, புல் மண். இரண்டும் இறுக்கி மூடிய முஷ்டிபோல் சுருண்டு கிடந்தன.

ஏழாம் வீட்டுக்காரி சீட்டை வாங்கித் தானே ஒரு முறை படித்தாள். தலைவரம்மாதான் எல்லாரையும்விட வெளிறிப்போயிருந்தார். இரண்டு உள்ளங்கையையும் மெல்லத் திருப்பிப் பார்த்துக்கொண்டு, "என் கையா இப்படி?" என்றார். அந்தக் குரலில் நிஜமான பயம் இருந்தது.

டில்லரக்கா அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "உங்க கைல ஒண்ணும் இல்லம்மா. அவ கைலயும் இல்ல. என் வண்டில வந்துச்சு."

அதற்குப் பிறகு கத்தினார்கள். வேண்டிய மட்டும் கத்தினார்கள். ஒரு வருஷத்துக்குத் தக்காளியும் பீன்ஸும் வராதா என்று ஒருவர் நாற்காலியை உதைத்தார். இனி டில்லர் இந்த வரிசைக்குள் வரக்கூடாது என்றார் தலைவர். பாதிப் பேர் கை தூக்கினார்கள், மீதிப் பேர் தரையைப் பார்த்தார்கள். டில்லரக்கா மறுக்கவில்லை. மேல் புல் முழுவதையும் தன் கையாலேயே வாரி எடுத்துவிடுவதாகவும், அதுவரை மக்காச்சோளம் போடலாம் என்றும் மட்டும் சொன்னாள். நாத்தனாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது மட்டும் அந்தக் கூடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கப்புகளைத் தாண்டி, அவளைத் தாண்டி வெளியே போனார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது நாத்தனார் கேட்டாள்.

"நீங்க வீட்ல முதல்ல வெச்ச கப்பு என்னிக்குச் சுருண்டுச்சு அண்ணி?"

டில்லரக்காவுக்குப் பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. "முதல் கூட்டத்துக்கு முந்தின வாரத்துச் சனிக்கிழமை" என்றாள்.

நாத்தனார் நடந்துகொண்டே விரல் விட்டு எண்ணினாள். "எட்டு நாள்."

"ஆமா."

"நான் என் கையைப் பார்த்துப் பயந்து செத்துட்டிருந்தப்ப, உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"அண்ணனுக்கும்?"

டில்லரக்கா தலையாட்டினாள். நாத்தனார் நின்றாள். தெருவிளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. வாயைக் கொஞ்சம் திறந்தபடி, முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல அண்ணியைப் பார்த்தாள்.

"ஊருக்கு ஒண்ணும் தெரியாது அண்ணி. தெரியாம பேசுச்சு. நீங்க தெரிஞ்சுக்கிட்டே பேசாம இருந்தீங்களே!"

"பயந்துட்டேன்மா. வேற ஒண்ணும் சொல்லத் தெரியல. வண்டி போயிடும்னு பயந்துட்டேன்."

"இப்ப போயிடுச்சா?"

"போயிடுச்சு."

நாத்தனார் கம்பத்தை விட்டுவிட்டு முன்னால் நடந்தாள்.

மறுநாள் காலை டில்லரக்கா புல்வாரியும் சாக்குகளுமாக முதல் வீட்டுத் தோட்டத்தில் இறங்கினாள். டில்லர் கொட்டகையிலேயே இருந்தது. மூன்றாம் வீட்டுக்குப் போனபோது முதுகு விண்ணென்றது. நிமிர்ந்து பார்த்தால், பதினாறாம் வீட்டுப் பக்கமிருந்து நாத்தனாரும் புல்லை வாரிக்கொண்டு வந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. டில்லரக்காவைப் பார்த்தும் பேசவில்லை.

இரண்டு பேரும் ஏழாம் வீட்டை நெருங்கியபோது ஏழாம் வீட்டுக்காரி வேலியில் நின்றிருந்தாள். குரலைக் குழைத்துக்கொண்டு, "நம்ம வீட்டுக்கு மக்காச்சோளம் நீயே வந்து நட்டுக் குடுத்துடும்மா" என்றாள்.

நாத்தனார் வாருவதை நிறுத்தினாள்.

"நடறதா வேண்டாமான்னு நான் யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். "நீங்க கேட்டதுக்காக எல்லாம் இனிமே வரமாட்டேன்."

சொல்லிவிட்டுக் குனிந்து, இரண்டு கையாலும் புல்லை அள்ளிச் சாக்கில் திணித்தாள். சாக்கின் மறுமுனையைப் பிடிக்க ஆள் தேவைப்பட்டது. டில்லரக்கா போய்ப் பிடித்தாள். நாத்தனார் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் முகத்தையும் பார்க்கவில்லை.